வினிகர் ரொசென்னும் மேட்டு வீட்டுக் கறையும்

ரொசென் பெஸ்கோன் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு. அதில் பத்தொன்பது கொக்கிகள், பத்தொன்பது சாவிகள். ஒன்றுகூட அவள் வீட்டுச் சாவி இல்லை. கோடையில் சில வாரம், இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் வந்து தங்கிவிட்டு, மீதி நாளெல்லாம் பாரிஸில் உட்கார்ந்துகொண்டு “பிரெத்தான் கடற்கரையில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது” என்று பெருமை பேசுகிறார்களே, அந்த மகானுபாவர்களின் சாவிகள் அவை. அவர்கள் போனதும் படுக்கை விரிப்புகளை உருவித் துவைப்பது, புயலடித்த மறுநாள் கூரை இருக்கிறதா என்று பார்ப்பது, வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் ஹீட்டரைப் போட்டு வீட்டைச் சூடாக்கி வைப்பது, எல்லாம் ரொசென்தான்.

பிரான்ஸின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் போர்க்கெவெல் துறைமுகத்தில் இந்த வேலைக்கு விளம்பரம் கிடையாது. நம்பினால் சாவியைக் கையில் கொடுப்பார்கள். நம்பிக்கை போனால் திருப்பிக் கேட்பார்கள். ஒரு வீட்டுக்காரர் கேட்டுவிட்டால் அடுத்த வாரத்துக்குள் இன்னும் நாலு பேர் கேட்பார்கள். என்ன நடந்தது என்று ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள்.

ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு ஊரில் இரண்டு பெயர் இருந்தது. முகத்துக்கு நேரே ரொசென். முதுகுக்குப் பின்னால் வினிகர் ரொசென்.

அந்த இரண்டாவது பெயர் கல்லறைத் தோட்டத்தில் வைத்தது. அப்போது அவள் சார்டீன் ஆலையில் மீனைத் தலைமாற்றி டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மீன்பிடிப் படகில் போகும் பிரியாக்கைக் கட்டி மூன்று வருஷம். மாமனார் இறந்து ஒரு வருஷம். நவம்பர் முதல் தேதி புனிதர்கள் திருநாளுக்குச் செவ்வந்திப் பூத்தொட்டியோடு ஊரே கல்லறைக்குப் போகும். அதற்கு முந்தின வாரம் பெண்கள் வாளியும் பிரஷுமாகப் போய்க் குடும்பக் கல்லறையைத் தேய்த்துக் கழுவி வைக்க வேண்டும். போட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பக்கத்துக் கல்லறை தன்னுடையதைவிடப் பளபளத்தால் அன்று ஒருத்திக்கும் சோறு இறங்காது.

புது மருமகள் பெயர் வாங்கப் பார்த்தாள். வெள்ளை வினிகர் எங்கள் நாட்டில் சர்வரோக நிவாரணி. கெட்டிலுக்கு வினிகர், குழாய்க்கு வினிகர், ஜன்னலுக்கு வினிகர், சிலர் தலைமுடிக்கே ஊற்றுகிறார்கள். ஆலை வேலை முடிந்ததும் கிடுகிடுவென்று போய், மாமனாரின் வெளிர் கிரானைட் கல்லின் மேல் இரண்டு பாட்டில் வினிகரைக் கவிழ்த்துத் தேய்த்துவிட்டு வந்தாள். அந்தக் கல்லில் இரும்பு கலந்திருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? திருநாளன்று ஊர் கூடி நிற்கும்போது, மாமனாரின் பெயருக்குக் கீழே மஞ்சளும் பழுப்புமாகத் துரு வழிந்து இறங்கியிருந்தது. பார்த்தால் அந்த மனிதர் கல்லுக்குள்ளிருந்து அழுவதுபோல் இருந்தது.

மாமியார் மரிவோன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்: “என் வீட்டுக்காரரு நாப்பது வருஷம் உப்புத் தண்ணியில கெடந்தாரு. துருப்பிடிக்கல. இவ ஒரே நாள்ல துருப்பிடிக்க வச்சுட்டா.”

சிரிப்பு எழுந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் இருபத்து நாலு வருஷம் மரிவோன் மருமகளை அந்தக் கல்லைத் தொட விடவில்லை. கிழவி தேய்ப்பாள், ரொசென் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் கல் என்றாலே ஓடியிருப்பாள். ரொசென்னுக்கு வந்தது ரோஷம். எங்கள் பக்கத்தில் கல்லறைக் கல் அறுப்பவரும் சமையல் மேடைக்குக் கல் அறுப்பவரும் ஒரே ஆள்தான். கோல்வென் கெர்த்ரெல் அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் பட்டறைக்குப் பின்னால் குவிந்து கிடந்த உடைசல் துண்டுகளை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒன்றில் ஒயின் ஊற்றினாள். ஒன்றில் காபி. ஒன்றில் மெழுகு, ஒன்றில் சார்டீன் எண்ணெய், ஒன்றில் துருப்பிடித்த ஆணி. ஊறவிட்டாள், பிறகு எதற்கு எது அசைந்துகொடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொல்லையெல்லாம் கல்.

“வீட்டுல ஆளுக்கு மூணு கல்லறை ரெடியா இருக்கு. நாமதான் சாவறதுக்கு லேட் பண்றோம்,” என்றான் பிரியாக், கடலிலிருந்து வந்து காலை இடித்துக்கொண்டு.

ஆலை மூடிய பிறகு சாவி வேலைக்கு வந்தாள். கல்லில் விழுந்த கறையில் அவளுக்குத் தெரியாதது மிச்சமில்லை என்கிற நிலை வந்துவிட்டது. என்ன பிரயோஜனம்? வினிகர் ரொசென்னிடம் யார் கல்லைக் கொடுப்பார்கள்?

போன வருஷம் அக்டோபர் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை காலை, மேட்டு வீட்டு மதாம் கெமெனேர் போன் செய்தாள். உடனே வா என்று மட்டும் சொன்னாள். குரலே சரியில்லை.

ரொசென் போனபோது மதாம் சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பாரிஸ்காரி, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. எதிரில் நிற்பவர் தானாகவே தவறு செய்த பிள்ளை ஆகிவிடுவார். அவள் கணவர் லோயிக் எங்கள் பக்கத்து ஆள்தான், முப்பது வருஷத்துக்கு முன்னால் பாரிஸ் போனவர். அவர் ஜன்னலோரம் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் ஒன்றும் இல்லை.

சமையல் மேடையில் அடுப்புக்கு இடப்பக்கம், ஜன்னலடியில், ரொட்டிப் பெட்டி வைத்திருந்த இடம். பெட்டியை நகர்த்தியிருந்தார்கள். வெளிர் சாம்பல் கிரானைட்டில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருத்த கறை. நனைந்த கல் போலத் தெரிந்தது, தொட்டால் உலர்ந்திருந்தது.

“இது என்ன, ரொசென்?”

“கறை, மதாம்.”

“கறைன்னு எனக்கும் தெரியுது. எப்படி வந்துச்சுன்னு கேக்கறேன். கோடையில இந்த மேடை பளிங்கு மாதிரி இருந்துச்சு. நாங்க போனதுக்கப்புறம் சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சு.”

“செப்டம்பர்ல சுத்தம் பண்ணப்ப இந்த ரொட்டிப் பெட்டியை நான் நகத்தல, மதாம். சுத்தித்தான் தொடச்சேன். அது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா கறை என்னோடது இல்ல.”

உண்மையைச் சொன்னது வம்பாகிவிட்டது. மதாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“நகத்தலையா, இல்ல நகத்தி வச்சு மறைச்சீங்களா? இது எண்ணெய். நீங்க சார்டீன் ஆலையில வேலை பாத்தவங்கதானே? நாங்க இல்லாதப்ப யாரையாவது கூட்டிட்டு வந்து இங்க மீன் பொரிச்சீங்களா?”

ரொசென்னுக்குக் காது சூடாகிவிட்டது. “பதினாறு வருஷம் சார்டீன் அடுக்கியிருக்கேன், மதாம். அடுத்தவங்க வீட்ல திருட்டுத்தனமாப் பொரிச்சுத் திங்கற அளவுக்கு அது மேல எனக்கு ஆசை மிச்சமில்ல.”

லோயிக் அப்போதும் கடலைத்தான் பார்த்தார்.

திங்கட்கிழமை கோல்வென் வந்தான். விரலால் தட்டினான், குனிந்து பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

“உள்ள எறங்கிடுச்சு, மதாம். கல்லுப் பலகையையே மாத்த வேண்டியதுதான். ஆனா திருநாள் முடியற வரைக்கும் நான் செத்தவங்களுக்கு மட்டும்தான் வேலை செய்வேன். அவங்கதான் தேதி மாத்த மாட்டாங்க.” பிறகு வாசலில் ரொசென் காதருகே வந்தான். “உண்மையச் சொல்லு. மறுபடியும் வினிகரா?”

“உன் வாயில ஊத்தறேன் வா,” என்றாள் ரொசென்.

செவ்வாய்க்கிழமை காலை பேக்கரிக்குள் நுழைந்தாள். பேச்சு சட்டென்று நின்றது. கல்லாவில் இருந்த ஒதெத் தேன் ஒழுகச் சிரித்தாள். “வா ரொசென், ரொட்டிதானே? இல்ல வினிகர்னா அது பக்கத்துக் கடையில.” வரிசையில் இருந்தவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பினால் இரண்டு போன். கலங்கரை விளக்குத் தெரு வீட்டுக்காரரும், பாய்மரப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரியும். சும்மாதான் கூப்பிட்டார்களாம். சாவி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கத்தானாம்.

அவள் சாவிப் பலகைக்கு முன்னால் நின்றாள். மேட்டு வீட்டுச் சாவி போனால் எது எது போகும் என்று விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லை, பலகை காலியாகிவிடும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஒரு தடவை கல்லைக் கெடுத்தவள் என்றால் தவறு என்று விட்டுவிடலாம். இரண்டு தடவை என்றால் அவள் செத்த பிறகும் கல்லில் அதைத்தான் எழுதுவார்கள். அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு நிமிஷம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, அலமாரியிலிருந்து கறை எடுக்கும் தன் டப்பாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள்.

“வெள்ளிக்கெழம வரைக்கும் இந்த மேடையை என்கிட்ட விடுங்க, மதாம். கறை போகலேன்னா சாவியை நானே கொண்டாந்து இந்தக் கல்லு மேல வைக்கறேன். போயிடுச்சுன்னா எனக்காக நீங்க ஒண்ணு செய்யணும்.”

“என்ன செய்யணும்?”

“போகட்டும், அப்பறம் சொல்றேன்.”

மதாமுக்கு அந்தத் தைரியம் பிடித்ததோ, இல்லை புதுக் கல்லுக்குக் காத்திருக்க வேண்டும் என்ற எரிச்சலோ, சரி என்றாள்.

எண்ணெய்க் கறையைத் தேய்த்துப் பயனில்லை. அது மேலே இல்லை. கல்லின் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். கீழே போனதை மேலே இழுக்க வேண்டும். அதற்கு எங்கள் வீடுகளில் எல்லாம் இருக்கிற ஒரு வெள்ளை மண் பொடி போதும். கம்பளிச் சட்டையில் வெண்ணெய் விழுந்தால் தூவி வைப்போமே, அதேதான். ரொசென் அதில் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை ஊற்றிக் குழைத்தாள். ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். கேஸ் அடுப்பின் பக்கம் யாரும் போகக் கூடாது என்று உத்தரவு போட்டாள். தலைமையாசிரியைக்கே உத்தரவு. கறையின் மேல் விரல் கனத்துக்குக் களிம்பைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரத்தை நாடாவால் ஒட்டி, ஊசியால் நாலைந்து இடத்தில் துளை போட்டாள்.

“இவ்வளவுதானா?” என்றாள் மதாம்.

“இவ்வளவுதான். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் கைய வைக்காதீங்க. தூக்கிப் பாக்கணும்னு தோணும். பாக்காதீங்க.”

புதன்கிழமை மத்தியானம், கிரேப் தோசையைத் திருப்பும் மரக்கரண்டியால் காய்ந்த களிம்பைப் பெயர்த்தெடுத்து, மிச்சத்தைக் கழுவினாள். மதாம் வீறிட்டாள். கறை முன்னைவிடக் கறுப்பாக இருந்தது.

“என் கல்லு! லோயிக், வந்து பாருங்க! இன்னும் பெருசாயிடுச்சு!”

ரொசென்னும் குனிந்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொல்லையில் கிடந்த அத்தனை துண்டுகளும் அவளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தன. “ஈரக் கல்லு எப்பவும் கறுப்பாத்தான் தெரியும், மதாம். காயட்டும். சாயந்திரம் வந்து பேசலாம்.”

சாயந்திரம் நாலு மணிக்கு வந்தாள். கறையின் வெளி வட்டம் ஒரு விரல்கடை உள்ளே சுருங்கியிருந்தது. ரொசென் இரண்டாவது பூச்சைப் போட்டாள். போடும்போது, பெயர்த்தெடுத்த பழைய களிம்புக் கட்டியை எடுத்து முகர்ந்தாள். பதினாறு வருஷம் மீன் எண்ணெயில் கிடந்த மூக்கு அது. இது மீன் இல்லை. அவள் அந்தக் கட்டியைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை இரண்டாவது பூச்சைப் பெயர்த்துக் கழுவிவிட்டு, இந்த முறை கல் காயும்வரை அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மதாமும் எதிரில் உட்கார்ந்தாள். ஈரம் விலக விலக, வட்டம் காணாமல் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் நின்றது. அதற்கு நாலு மூலை இருந்தது. நேர்கோடு போட்ட மாதிரி, நீளமாக, செவ்வகமாக.

ரொசென் அதைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

“என்ன சிரிப்பு?” என்றாள் மதாம்.

“மதாம், வாணலி வட்டமா இருக்கும். சார்டீன் டப்பாவுக்கு மூலை வளைஞ்சிருக்கும். இந்த வடிவம் என்னதுன்னு நம்ம ஊர்க்காரரைக் கேளுங்க.” திரும்பினாள். “மொஸ்யே லோயிக், வீட்ல வெண்ணெய் எங்க இருக்கு?”

லோயிக் தொண்டையைச் செருமினார். “ஃப்ரிட்ஜ்ல.”

“ஃப்ரிட்ஜ்லயா! பிரெத்தான்ல பொறந்த மனுஷன் உப்பு வெண்ணெயை ஃப்ரிட்ஜ்ல வைக்கறாரா?”

மதாம் மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். “முப்பது வருஷமா இதுக்குத்தான் என்னோட சண்டை. ஃப்ரிட்ஜ்ல வச்சா வெண்ணெய் செத்துப்போயிடும், எங்க ஊர்ல யாரும் வைக்க மாட்டாங்கன்னு. இந்தத் தடவை வந்ததுலேருந்து அவரே எடுத்து உள்ள வைக்கறார். வயசாச்சு, புத்தி வந்துடுச்சுன்னு நெனச்சேன்.”

ரொசென் ஃப்ரிட்ஜைத் திறந்து, காகிதம் சுற்றிய கால் கிலோ வெண்ணெய்க் கட்டியை எடுத்தாள். கல்லில் நின்ற நிழலின் மேல் வைத்தாள். மூலைக்கு மூலை பொருந்தியது. பிறகு மடித்து வைத்திருந்த களிம்புக் கட்டியை மதாமின் மூக்குக்கு நேரே நீட்டினாள். கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம். மதாம் முகத்தைச் சுளித்தாள்.

“லோயிக்.”

“வெண்ணெய்க் கிண்ணம் ஆகஸ்ட்ல ஒடஞ்சுபோச்சு,” என்றார் லோயிக், ஜன்னலிடம். “காகிதத்தோட அங்கயே வச்சேன். அப்பதான் அந்த வெயில் அடிச்சுது. நாம தீவுக்குப் போய் மூணு நாள் தங்கினோமில்ல? வந்து பாத்தா உருகி ஓடியிருந்துச்சு. நீ பாக்கறதுக்குள்ள தொடச்சிட்டு ரொட்டிப் பெட்டியைத் தூக்கி வச்சிட்டேன். காஞ்சிடும்னு நெனச்சேன்.”

“கல்லு என்ன சட்டையா, காயறதுக்கு? இந்த அம்மாவை நான் என்னெல்லாம் சொன்னேன்! நீங்க அங்க நின்னு கடலப் பாத்தீங்க!”

“அலை நல்லா இருந்துச்சு,” என்றார் அந்த மனுஷர்.

மூன்றாவது பூச்சு வெள்ளிக்கிழமை பெயர்ந்தது. காய்ந்த பிறகு மதாம் கண்ணாடி போட்டுப் பார்த்தாள், கழற்றிப் பார்த்தாள், குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். கறை இருந்த இடம் எது என்று அவளால் கைகாட்ட முடியவில்லை. ரொசென் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கல் அதைக் குடிக்கிறது என்று காட்டி, மறுபடி எண்ணெய் இறங்காமலிருக்க மேடை முழுக்கக் காப்புப் பூச்சும் பூசிக் கொடுத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். பத்து வயது குறைந்தவளாகத் தெரிந்தாள்.

மதாம் நேராக நின்று, “நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன், ரொசென்,” என்றாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவள் நியாயக்காரிதான். “உங்களுக்கு நான் ஒண்ணு செய்யணும்னு சொன்னீங்களே.”

“செய்யணும். என்னைக் கேட்ட கேள்வி இங்க நாலு சுவத்துக்குள்ள நிக்கல, மதாம். பேக்கரிக்குப் போயிடுச்சு. பதிலும் பேக்கரிக்குப் போகணும்.”

சனிக்கிழமை காலை ஒன்பது மணி, பேக்கரியில் கூட்டம் நெரிகிற நேரம். ரொசென் வரிசையில் நின்றிருந்தாள். மதாம் கெமெனேர் உள்ளே வந்தாள், கணவரை முன்னால் விட்டுக்கொண்டு. அவர் தோளில் அவள் கை இருந்தது.

“சொல்லுங்க, லோயிக். சத்தமா.”

லோயிக்கின் காது சிவந்திருந்தது. “எங்க வீட்டு மேடையில இருந்த கறை... அது என் வெண்ணெய். ரொசென் அதை எடுத்துட்டாங்க. முழுசா.”

பேக்கரியே சிரிப்பில் வெடித்தது. “கிண்ணம் இல்லாமலா வச்ச?” என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார், அதுதான் அவருக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. ஒதெத் கல்லாவை விட்டு வெளியே வந்து, ரொசென் கையில் ஒரு வெண்ணெய்க் கேக்கைத் திணித்தாள். “கிண்ணத்துல வச்சுத் தின்னு,” என்றாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அது. வெளியே கோல்வென் லாரியை நிறுத்தித் தலையை நீட்டினான்.

“பலகையவே மாத்தணும்னு சொன்னேனேடி! என்ன போட்ட அதுல?”

“செத்தவங்க வேலையெல்லாம் முடிச்சிட்டு வா. ஒன் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துட்டு வா. சொல்லித் தரேன்.”

திருநாளுக்கு முந்தின நாள், கல்லறைத் தோட்டத்தில் வழக்கம்போல் பெண்கள் கூட்டம். மரிவோன் முழங்காலுக்கடியில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு கணவரின் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்து மூன்று வயது. ரொசென் வாளியோடு பக்கத்தில் நின்றாள். பெயருக்குக் கீழே அந்தப் பழுப்புத் தாரைகள் இருபத்து நாலு வருஷத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தன, போகவில்லை.

கிழவி தலையைத் தூக்காமலே கேட்டாள். “மேட்டு வீட்டுக் கல்லுல ஒண்ணுமே தெரியலையாமே?”

“தெரியல, அத்தை.”

“அந்தப் பாரிஸ்காரி கண்ணாடி போட்டுப் பாத்தாளாமே?”

“போட்டும் பாத்தாங்க. கழட்டியும் பாத்தாங்க.”

மரிவோன் கொஞ்ச நேரம் தேய்த்தாள். பிறகு பிரஷைக் கீழே வைத்தாள். அக்கம்பக்கத்துக் கல்லறைகளில் பிரஷ் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது; எல்லோருக்கும் காது இந்தப் பக்கம்தான்.

“இந்த மனுஷன் இருபத்து நாலு வருஷமா அழுதுக்கிட்டே இருக்கறாரு, ரொசென்,” என்றாள் கிழவி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “போதும். தொடச்சு விடு.”

அவள் நகர்ந்து, சாக்கில் இடம் விட்டாள். ரொசென் வாளியைக் கீழே வைத்தாள். கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு சின்ன ஜாடியை எடுத்தாள். துருவை இழுக்கிற களிம்பு. அன்று காலைதான் குழைத்தது.

கிழவி ஜாடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் கேப்பேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது, அத்தை. இருபது வருஷமா ஒவ்வொரு திருநாளுக்கும் குழைச்சு எடுத்துட்டுத்தான் வரேன்,” என்று சொல்லிவிட்டு, ரொசென் மாமியார் பக்கத்தில் மண்டியிட்டு மூடியைத் திறந்தாள்.